ஆய்வுத் தரவை எங்கே வைப்பது: ஜெனோடோவா, டிரையடா, டேட்டாவெர்ஸா, வேறு ஏதாவதா?

கட்டுரை மதிப்பாய்வைத் தாண்டிவிட்டது, ஆசிரியர் குழுவிடமிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது, அதன் கடைசி வரியில் "தரவு எங்கே கிடைக்கும் என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்பவும்" என்று இருக்கிறது. நிறையப் பேர் தரவுக் களஞ்சியத்தைப் பற்றி முதன்முதலாக யோசிப்பதே இந்த இடத்தில்தான், அதுவும் கெடு முடியும் நாளின் இரவில். கூட ஆய்வு செய்பவர் ஜெனோடோ என்கிறார், வழிகாட்டி ஃபிக்ஷேர் என்கிறார், ஆய்விதழின் பக்கத்தில் டிரையட் என்று போட்டிருக்கிறது, இன்னொருவர் "அதெல்லாம் எதற்கு, கிட்ஹப் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார். நிரல் வைக்கும் தளமான கிட்ஹப்பைத் தவிர எல்லாமே டிஓஐ (ஒரு படைப்புக்கு நிலையாக ஒட்டிக்கொள்ளும் அடையாள எண்) தருகின்றன, பெரும்பாலானவை இலவசம். அப்புறம் என்ன வித்தியாசம்?

இருக்கிறது. சேமிப்பு அளவையும் பக்கத்தின் அழகையும் வைத்து ஒப்பிடுவதை நான் பெரிதாக நினைப்பதில்லை. இரண்டு கேள்விதான் முக்கியம்: ஐந்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் அவருக்குப் புரியுமா? அவர் அதைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினால் அந்தப் பயன்பாடு உங்கள் கணக்கில் ஏறுமா? முதல் கேள்வியில் களஞ்சியங்கள் ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடுகின்றன. இரண்டாவதில் களஞ்சியத்தை விட நீங்கள் செய்யும் (அல்லது செய்யாமல் விடும்) சில சின்ன வேலைகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன, அதை ஏனோ யாரும் சொல்லித்தருவதில்லை.

முதலில் மூன்று வழிகளைத் தள்ளிவிடலாம்.

"தரவு தேவைப்படுவோர் ஆசிரியரைத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதுவது முதலாவது. இது எந்த அளவுக்குக் கண்துடைப்பு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்டால் தரவு தருவோம் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு உண்மையிலேயே கடிதம் எழுதிக் கேட்டார்கள். 93 சதவீதம் பேர் பதிலே போடவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள், கடைசியில் தரவு கொடுத்தவர்கள் 7 சதவீதம்கூட இல்லை. எல்லோரும் மனமறிந்து மறைக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது, மின்னஞ்சல் முகவரி மாறிவிடும், தரவைச் சேகரித்த மாணவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், மடிக்கணினி செத்திருக்கும். 516 ஆய்வுகளை எடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வொன்று, கட்டுரை பழையதாக ஆக அதன் தரவு இன்னும் உயிரோடு இருப்பதற்கான சாத்திய விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் குறைகிறது என்று காட்டியது.

இரண்டாவது, ஆய்விதழின் துணைக் கோப்பாகப் போட்டுவிடுவது. சுலபம்தான், கட்டுரையோடு சேர்த்தே ஏற்றிவிடலாம். ஆனால் பல ஆய்விதழ்களில் அதற்குத் தனி டிஓஐ கிடையாது, தனியாக மேற்கோள் காட்ட முடியாது, என்ன மாறிகள், என்ன அலகு என்று சொல்லும் விவரணமும் கிடையாது. அட்டவணையை பிடிஎஃப் ஆக்கி வைத்திருப்பார்கள், அதிலிருந்து எண்களை உருவி எடுப்பது தனித் தலைவலி. எக்செல் கோப்பாக இருந்தால் வேறு ஆபத்து. மரபணுப் பெயர்களை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிவிடும் கதை உயிரியல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2016-இல் துணைக் கோப்புகளில் எக்செல் மரபணுப் பட்டியல் உள்ள கட்டுரைகளை ஆராய்ந்தபோது சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் எக்செல்லைத் திருத்த முடியாமல், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே 2020-இல் சில மரபணுக்களின் பெயரை மாற்றிக்கொண்டது. துணைக் கோப்புகளை மதிப்பாய்வாளர்கள் எவ்வளவு கவனமாகத் திறந்து பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது, வெறும் கிட்ஹப். வேலை செய்ய அருமையான இடம், காப்பகம் அல்ல. கணக்கின் பெயரை மாற்றலாம், ஒரே சொடுக்கில் முழுத் தொகுப்பையும் அழிக்கலாம், 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அது சாதாரண வழியில் ஏற்றுக்கொள்ளாது. நிரலுக்குத்தான் கிட்ஹப் என்றால் அதை ஜெனோடோவோடு இணைத்துவிடுங்கள், ஒவ்வொரு முறை வெளியீடு போடும்போதும் தானாக ஒரு நகல் எடுத்து டிஓஐ கொடுத்துவிடும். 2016-இலிருந்து இயங்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகமும் பொது நிரல்களைச் சேமித்து வைக்கிறது.

சரி, இனி ஆட்டத்தில் இருப்பவை.

பொதுக் களஞ்சியங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று: உங்கள் துறைக்கென்று ஒரு களஞ்சியம் இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போகவேண்டும். மரபணு வரிசைகள் என்றால் ஜென்பேங்க், அல்லது அதோடு தரவைப் பகிர்ந்துகொள்ளும் ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்கள். புரத அமைப்பு என்றால் 1971-இல் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்க். சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்பு என்றால் கேம்பிரிட்ஜ் தொகுப்பு. சமூக அறிவியல் கணக்கெடுப்பு என்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-இலிருந்து நடக்கும் ஐசிபிஎஸ்ஆர். புவியியல், கடலியல் என்றால் பாங்கேயா. இவற்றில் பதிவேற்றுவது கொஞ்சம் இழுத்தடிக்கும், படிவங்கள் நீளம், திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்வார்கள். ஆனால் உங்கள் துறையில் தரவு தேடுகிற ஆள் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான், ஜெனோடோவின் தேடல் பெட்டியை அல்ல. துறைக் களஞ்சியம் உண்டா இல்லையா என்று தெரியவில்லையென்றால் ஆர்இ3டேட்டா என்ற அடைவில் பாடவாரியாகத் தேடலாம்.

துறைக் களஞ்சியம் இல்லாதவர்களுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

ஜெனோடோதான் பெரும்பாலானோரின் முதல் தேர்வு, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2013-இல் தொடங்கியது, நடத்துவது ஜெனிவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம், இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்பு வரை வைக்கலாம். எந்தத் துறை, எந்தக் கோப்பு வகை என்று கேள்வி கிடையாது. தரவு, நிரல், விளக்கப்படம், கருத்தரங்கச் சுவரொட்டி எதையும் வாங்கிக்கொள்ளும். துகள் மோதுவியின் தரவைப் பல பத்தாண்டுகளுக்குக் காக்கவேண்டிய நிறுவனம் என்பதால் நாளைக்கே கடையைக் கட்டிவிடுவார்கள் என்ற பயமும் இல்லை.

அதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம். பதிவேற்றும் படிவத்தின் மேற்பகுதியில், இந்தப் பதிவுக்கு ஏற்கெனவே டிஓஐ இருக்கிறதா என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் அப்போதே ஓர் எண்ணை ஒதுக்கித் தரும், 10.5281 என்று தொடங்கும். பதிவை வெளியிடாமலே அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுரையில் போட்டுவிடலாம், தரவுக்குள் வைக்கும் விளக்கக் கோப்பிலும் போடலாம், கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வெளியிடலாம். கட்டுரையில் தரவின் எண் வேண்டும், தரவில் கட்டுரையின் எண் வேண்டும், எது முதலில் என்ற குழப்பம் இதனால் பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு, வெளியிட்ட பிறகும் விவரணத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், கட்டுரையின் டிஓஐ வந்ததும் போய்ச் சேர்க்கலாம். (சேர்க்கலாம் என்பது வேறு, சேர்ப்பார்கள் என்பது வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.)

இன்னொன்று, ஜெனோடோ ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு டிஓஐ தருகிறது. ஒன்று இந்தப் பதிப்புக்கு மட்டும், மற்றொன்று எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவானது. பொது எண்ணைச் சொடுக்கினால் எப்போதும் கடைசிப் பதிப்புக்குத்தான் போகும். கட்டுரையில் போடவேண்டியது பதிப்பு எண், ஏனென்றால் உங்கள் முடிவுகள் அந்தக் குறிப்பிட்ட கோப்புகளிலிருந்து வந்தவை. நிரலுக்கும், அவ்வப்போது புதுப்பிக்கும் தரவுத்தொகுப்புக்கும் அறிமுகப் பக்கத்தில் பொது எண்ணைக் கொடுக்கலாம். இரண்டையும் கலந்து கொடுத்தால் சிலர் இதையும் சிலர் அதையும் மேற்கோள் காட்டுவார்கள், மேற்கோள் எண்ணும் அட்டவணைகள் அவற்றைத் தனித்தனியாக எண்ணும், உங்கள் எண்ணிக்கை இரண்டாகப் பிளந்து நிற்கும்.

ஜெனோடோவின் குறை என்ன? யாரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. "இறுதி2_புதியது" என்று பெயரிட்ட ஒரு ஜிப் கோப்பை, நெடுவரிசைத் தலைப்புகள் எல்லாம் எக்ஸ்1, எக்ஸ்2, எக்ஸ்3 என்று இருக்க, விளக்கம் ஒரு வரிகூட இல்லாமல் போட்டாலும் அதற்கும் அழகாக டிஓஐ கொடுத்துவிடும். ஆய்விதழின் நிபந்தனையும் ஒப்புக்கு நிறைவேறிவிடும். என் முதல் கேள்வியில், அதாவது ஐந்து வருடம் கழித்துப் புரியுமா என்பதில், ஜெனோடோ எந்த உத்தரவாதமும் தராது. உங்களுக்கே ஒழுங்கு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

அந்த இடத்தில்தான் டிரையட் வேறுபடுகிறது. சூழலியல், பரிணாம உயிரியல் ஆய்விதழ்களின் முயற்சியில் பிறந்து இப்போது எல்லாத் துறைக்கும் திறந்திருக்கும் லாபநோக்கமற்ற களஞ்சியம். இங்கே பதிவேற்றியதும் வெளியாகிவிடாது, ஒரு மனிதர் எடுத்துப் பார்ப்பார். கோப்புகள் திறக்கின்றனவா, விளக்கக் கோப்பு இருக்கிறதா, அதில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு சொல்லியிருக்கிறதா, தனிநபரை அடையாளம் காட்டும் விவரம் எங்காவது தங்கிவிட்டதா என்று பார்த்துத் திருப்பி அனுப்புவார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் "தள வரிசையில் 999 என்று இருக்கிறதே, அது அளவா, விடுபட்ட மதிப்பா?" என்பது போன்ற ஒரு கேள்வி கட்டுரை வெளியாவதற்கு முன் வருவது, நான்கு வருடம் கழித்து ஒருவர் அந்த 999-ஐச் சராசரியில் சேர்த்துக் கட்டுரை எழுதிய பிறகு வருவதை விட எவ்வளவோ மேல்.

டிரையடுக்குக் கட்டணம் உண்டு. உங்கள் நிறுவனமோ ஆய்விதழோ உறுப்பினராக இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் உங்கள் தலையில் விழும். எனவே முதலில் நூலகத்தில் கேட்டுவிடுங்கள். உரிமத்திலும் பேரம் கிடையாது, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ மட்டும்தான். நிரலை அங்கே வைக்க முடியாது, அதே படிவத்தில் ஏற்றினாலும் அதை எடுத்து ஜெனோடோவில் வைத்து இரண்டையும் இணைத்துவிடுவார்கள். மதிப்பாய்வு முடியும்வரை தரவை மூடிவைத்து, மதிப்பாய்வாளருக்கு மட்டும் தனி இணைப்பு கொடுக்கும் வசதி உண்டு.

டேட்டாவெர்ஸ் என்பது ஹார்வர்டில் உருவான மென்பொருள், உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதைத் தனித்தனியாக நிறுவி நடத்துகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லையென்றாலும் ஹார்வர்டின் சொந்த நிறுவலில் எந்த நிறுவனத்து ஆய்வாளரும் இலவசமாகப் பதிவேற்றலாம், ஒரு கோப்பு 2.5 ஜிபிக்குள் இருக்கவேண்டும். இதன் பலம் அட்டவணைத் தரவு. ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருளின் கோப்பை ஏற்றினால் அதைப் பொதுவான உரைவடிவ அட்டவணையாக மாற்றி, மாறிகளின் பெயர், குறிப்பு, விடைக் குறியீடுகளை எல்லாம் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். பத்து வருடம் கழித்து அந்த மென்பொருளுக்கு உரிமம் இல்லாதவரும் திறக்கலாம். கூடவே தரவின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிட்டு மேற்கோள் வரியிலேயே சேர்க்கும், ஒரே ஒரு மதிப்பு மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கணக்கெடுப்புத் தரவு வைத்திருக்கும் அரசியலறிவியல், பொருளியல், சமூகவியல்காரர்கள் ஜெனோடோவுக்குப் போவதை விட இங்கே வருவது நல்லது என்பேன். படங்கள், ஒலிப்பதிவுகள் என்றால் இந்தப் பலம் எதுவும் பயன்படாது.

ஃபிக்ஷேர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பக்கம் அழகு, ஏற்றுவது வேகம், படங்களையும் அட்டவணைகளையும் பதிவிறக்காமலே பார்க்கலாம், இலவசக் கணக்கில் 20 ஜிபி. டிஜிட்டல் சயின்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் கையில் இருப்பது. நிறையப் பல்கலைக்கழகங்கள் தங்கள் களஞ்சியத்தை இதன்மேல்தான் நடத்துகின்றன. உங்களுடையதும் அப்படியென்றால் அந்த வாசல் வழியே போங்கள், நூலகரின் கண் ஒருமுறை படும். இல்லையென்றால் ஜெனோடோவை விட்டு இதற்கு வர எனக்குக் காரணம் தெரியவில்லை. எல்செவியரின் மெண்டலி டேட்டாவுக்கும் இதே பதில்.

ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்) வேறு ஜாதி. அது வேலை நடக்கும் இடம், முடிந்த தரவை வைக்கும் அலமாரி அல்ல. ஆய்வுத் திட்டம் தொடங்கும்போதே ஒரு பக்கம் திறந்து, தரவைச் சேகரிக்கும் முன்பே கருதுகோளை எழுதிவைத்து முன்பதிவு செய்து, வினாநிரலைப் போட்டு, கூட்டாளிகளைச் சேர்த்து, கடைசியில் தரவையும் அதே இடத்தில் திறந்துவிடலாம். உளவியலில் முன்பதிவு என்றாலே ஓஎஸ்எஃப்தான். ஆசிரியர் பெயர்களை மறைத்து, பார்க்க மட்டும் இணைப்பு கொடுக்கும் வசதி இரட்டை மறைவு மதிப்பாய்வுக்கு ரொம்பவே உதவும். மூடிய திட்டத்துக்கு 5 ஜிபி, திறந்ததுக்கு 50 ஜிபி. ஆனால் ஒரு எச்சரிக்கை: சாதாரணத் திட்டப் பக்கத்துக்கு டிஓஐ வாங்கிவிட்டு அதையே மேற்கோள் காட்டச் சொன்னால், அந்தப் பக்கத்தில் நாளைக்கே கோப்பை மாற்றலாம், அழிக்கலாம், டிஓஐ அதே இடத்தில்தான் நிற்கும். உறைந்த நிலையில் வேண்டுமென்றால் பதிவாக்கி, அந்தப் பதிவின் டிஓஐயைக் கொடுக்கவேண்டும்.

மனிதர்களிடமிருந்து சேகரித்த, பெயரை நீக்கினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடிய தரவு என்றால் மேலே சொன்ன எதிலும் திறந்த வெளியில் போடக்கூடாது. விண்ணப்பித்து அனுமதி பெற்றால் மட்டும் திறக்கும் களஞ்சியம் வேண்டும். ஐசிபிஎஸ்ஆரிலும் மரபணு மருத்துவத் துறையிலும் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. திறந்த களஞ்சியத்தில் விவரணத்தை மட்டும் வைத்து, தரவு இங்கே இருக்கிறது, இப்படி விண்ணப்பிக்கவும் என்று எழுதுவதும் நேர்மையான வழிதான்.

உரிமத்தில் பலர் தடுமாறுகிறார்கள். சிசி ஜீரோ என்றால் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டோம், இனி யாரும் மேற்கோள் காட்டவேண்டியதில்லை என்று பயம். சட்டம் வேறு, ஆய்வுலக மரபு வேறு. நியூட்டன் காலத்து முடிவுகளுக்கு எந்த உரிமமும் இல்லை, ஆனாலும் மூலத்தைக் குறிப்பிடாமல் எழுதினால் திருட்டு என்றுதான் பெயர். மேற்கோள் காட்டாதவர், மூலத்தைக் குறிப்பிடவேண்டும் என்ற சிசி பை உரிமம் போட்டிருந்தாலும் காட்டமாட்டார், நீங்கள் வழக்கும் போடப்போவதில்லை. நூறு தொகுப்புகளை ஒன்றாக்கிப் பெரிய பகுப்பாய்வு செய்பவருக்கு ஒவ்வொன்றின் நிபந்தனையையும் படித்துப் பின்பற்றுவது பெரும் வேலை, சிசி ஜீரோ அவருக்கு வழிவிடுகிறது. தரவுக்கு அதுவும், எழுத்துக்கும் படத்துக்கும் சிசி பையும் என்று வைத்துக்கொள்ளலாம். வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற நிபந்தனையை மட்டும் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள், எது வணிகம் என்ற கேள்வியில் மாட்டிக்கொள்ள விரும்பாத நேர்மையான ஆய்வாளர்தான் முதலில் விலகிப்போவார்.

இனி இரண்டாவது கேள்வி. மேற்கோள் எப்படி எண்ணப்படுகிறது?

டிஓஐ தரும் அமைப்புகள் பல, நமக்கு இரண்டு முக்கியம். ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் 2000-இல் தொடங்கிய கிராஸ்ரெஃப், தரவுக்குப் பெரும்பாலும் 2009-இல் தொடங்கிய டேட்டாசைட். கட்டுரை வெளியாகும்போது பதிப்பகம் அதன் மேற்கோள் பட்டியலைக் கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும். அந்தப் பட்டியலில் உங்கள் தரவின் டிஓஐ ஒரு வரியாக இருந்தால் இணைப்பு பதிவாகும். கட்டுரையின் நடுவிலோ, கடைசியில் உள்ள தரவுக் குறிப்பிலோ மட்டும் இருந்தால், மேற்கோள் பட்டியலை நம்பி எண்ணும் அட்டவணைகள் எதிலும் அது ஏறாது. தரவு மேற்கோள் தேடிப்பார்த்துப் பூஜ்யம் என்று நொந்துபோகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்: உங்கள் சொந்தக் கட்டுரையிலேயே உங்கள் தரவு மேற்கோள் பட்டியலில் இருக்கிறதா? ஆசிரியர் பெயர், ஆண்டு, தொகுப்பின் தலைப்பு, பதிப்பு, களஞ்சியத்தின் பெயர், டிஓஐ என்று முழு வரியாக எழுதுங்கள். அச்சுக்கு முந்தைய பிரதி வரும்போது அந்த வரி பிழைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், கட்டுரை அல்லாத மேற்கோள்களை அச்சுக்கோப்பவர்கள் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவது நடக்கும்.

மறுபக்கத்தில் களஞ்சியத்தின் படிவத்தில், தொடர்புடைய படைப்புகள் என்ற பகுதி இருக்கும். எல்லோரும் தாண்டிப்போகும் பகுதி அது. அங்கே கட்டுரையின் டிஓஐயைப் போட்டு, "இதற்குத் துணையானது" என்ற உறவைத் தேர்ந்தெடுத்தால் டேட்டாசைட் பக்கத்திலிருந்தும் இணைப்பு உருவாகும். கட்டுரை டிஓஐ வந்த அன்றைக்கே போய்ச் செய்துவிடுங்கள், அடுத்த வாரம் என்று வைத்தால் நடக்காது. ஜெனோடோ, டிரையட், டேட்டாவெர்ஸ் எல்லாவற்றிலும் இந்த வசதி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது, அதனால்தான் எண்ணிக்கை விஷயத்தில் களஞ்சியத் தேர்வு பெரிய வித்தியாசம் தருவதில்லை என்றேன். ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்கிட் எண்ணையும் படிவத்தில் கொடுத்து, டேட்டாசைட் தானாகவே உங்கள் ஆர்கிட் பக்கத்தைப் புதுப்பிக்க ஒருமுறை அனுமதித்துவிட்டால் பட்டியலைக் கையால் பராமரிக்கும் வேலை போய்விடும்.

எண்ணிக்கையை எங்கே பார்ப்பது? கூகுள் ஸ்காலர் எல்லோருக்கும் பழக்கம், வலை மிக அகலம், கட்டுரை மேற்கோளில் பெரும்பாலும் மிகப் பெரிய எண்ணைக் காட்டுவதும் அதுவே. ஆனால் எதிலிருந்து எண்ணுகிறது என்று வெளியே சொல்வதில்லை, மொத்தமாகத் தரவிறக்க வழியில்லை, தரவுத்தொகுப்புகளைப் பிடிப்பதில் அரைகுறை. தரவைத் தேட கூகுளுக்கே தனியாக டேட்டாசெட் சர்ச் இருக்கிறது, அது கண்டுபிடிக்கத்தான் உதவும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, சந்தா வேண்டும், பதவி உயர்வுக் குழுக்கள் பெரும்பாலும் கேட்பது இவற்றின் எண்ணைத்தான். வெப் ஆஃப் சயின்ஸில் தரவுக்கென்றே 2012-இலிருந்து ஒரு தனி அட்டவணை உண்டு, அதற்கும் உங்கள் நிறுவனம் சந்தா கட்டியிருக்கவேண்டும்.

திறந்த பக்கத்தில் ஓப்பன்அலெக்ஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தேடல் சேவையை 2021 இறுதியில் மூடியபோது அந்த இடத்தை நிரப்ப, 2022 ஜனவரியில் தொடங்கியது. முழுத் தரவும் சிசி ஜீரோவில், யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம். தரவுத்தொகுப்பை அது ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறது. சோர்போன் பல்கலைக்கழகம் வெப் ஆஃப் சயின்ஸ் சந்தாவை நிறுத்திவிட்டு இதன் பக்கம் வந்தது, பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் லைடன் தரவரிசையின் திறந்த பதிப்பு 2024-இல் இதை வைத்தே வெளியானது. குறையும் உண்டு: ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட இரண்டு ஆய்வாளர்களை ஒருவராக்கிவிடும், ஒருவரை மூவராக்கும். ஆர்கிட் இருந்தால் இந்தக் குழப்பம் குறையும்.

தரவு மேற்கோளுக்கு மட்டும் என்றால் நான் முதலில் திறப்பது டேட்டாசைட் காமன்ஸ். டிஓஐயைப் போட்டால் மேற்கோளும், களஞ்சியம் அனுப்பியிருந்தால் பார்வை, பதிவிறக்க எண்ணிக்கையும் வரும். 2024-இல் வெளியான தரவு மேற்கோள் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், கட்டுரைகளின் உள்ளுரையில் புதைந்திருக்கும் ஜென்பேங்க் எண்கள் போன்றவற்றையும் இயந்திரத்தால் தேடி எடுக்கிறது. தவறான பொருத்தங்களும் அதில் கலந்திருக்கும், பட்டியலைக் கண்ணால் ஒருமுறை ஓட்டிவிட்டே எண்ணை விண்ணப்பத்தில் எழுதவேண்டும். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே எந்த அட்டவணை, எந்த மாதம் என்று குறிப்பிடுங்கள், ஏனென்றால் ஒரே தொகுப்புக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வரும், நான்கும் அதனதன் கணக்கில் சரிதான்.

உங்கள் மதிப்பீட்டுக் குழு தரவு மேற்கோளை மதிக்கவே மதிக்காது, கட்டுரை என்றால் மட்டுமே எண்ணும் என்றால்? அதற்கும் ஒரு வழி உண்டு, தரவுக் கட்டுரை. சயின்டிஃபிக் டேட்டா, டேட்டா இன் பிரீஃப், புவி அறிவியலுக்கு எர்த் சிஸ்டம் சயின்ஸ் டேட்டா போன்ற இதழ்கள் தரவைப் பற்றிய விவரிப்பை மட்டுமே கட்டுரையாக வெளியிடுகின்றன: எப்படிச் சேகரித்தோம், எப்படிச் சரிபார்த்தோம், என்ன குறைபாடு. முடிவுகளோ கருதுகோளோ தேவையில்லை. மற்றக் கட்டுரைகளைப் போலவே ஸ்கோபஸில் ஏறும், மேற்கோளை வைத்து ஆய்வாளரை அளக்கும் ஹெச் குறியீட்டிலும் சேரும். இதற்கு விலையும் உண்டு: வெளியீட்டுக் கட்டணம், இன்னொரு மதிப்பாய்வு, சில மாதங்கள். தரவு களஞ்சியத்திலும் இருந்தாகவேண்டும் என்பதால் மேற்கோள் கட்டுரைக்கும் தொகுப்புக்கும் இடையே பிரியும். பல ஆண்டு களப்பணியில் சேர்த்த, மற்றவர்கள் திரும்பத்திரும்ப எடுக்கக்கூடிய பெரிய தொகுப்பு என்றால் செய்யலாம், ஒரு சோதனையின் நாற்பது வரிசைக்கு வீண் வேலை.

தரவைக் களஞ்சியத்தில் வைத்தால் கட்டுரைக்கு மேற்கோள் கூடும் என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. பிளாஸ், பயோமெட் சென்ட்ரல் இதழ்களின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை வைத்து 2020-இல் செய்த ஆய்வில், களஞ்சிய இணைப்பு கொடுத்த கட்டுரைகளுக்கு மேற்கோள் 25 சதவீதம் வரை அதிகம் என்று வந்தது. தொடர்பு இருக்கிறது, காரணம் அதுதானா என்பது வேறு விஷயம். தரவை ஒழுங்காக வைக்கும் குழு மற்றதையும் ஒழுங்காகச் செய்திருக்கும், அதனாலும் இருக்கலாம்.

ஏற்கெனவே வெளியான கட்டுரையின் தரவு துணைக் கோப்பிலோ பழைய வன்தட்டிலோ கிடந்தால் இப்போதும் தாமதமில்லை. ஜெனோடோவிலோ துறைக் களஞ்சியத்திலோ ஏற்றி, பழைய கட்டுரையின் டிஓஐயைத் தொடர்புடைய படைப்பாகக் கொடுத்தால் போதும், ஆய்விதழிடம் அனுமதியோ திருத்தமோ பொதுவாகத் தேவைப்படாது. தரவு உங்களுடையது, கூட்டாசிரியர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.